ஆபரேஷன் சக்சஸ்... ஆனா முட்டி மடங்கலையா? மூட்டு மாற்று சிகிச்சைக்குப் பிறகான முக்கியமான 12 வாரங்கள்!

மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து ஒருவர் வீடு திரும்பினால், பார்க்க வரும் உறவினர்கள் கேட்கும் முதல் கேள்வி, "நடக்குறீங்களா?" என்பதுதான். வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஹாலில் நாலு நடை நடந்து காட்டிவிட்டால் எல்லோருக்கும் திருப்தி. "முட்டியை எவ்வளவு மடக்க முடியுது?" என்று யாரும் கேட்பதில்லை.

மூன்று மாதம் கழித்துத்தான் அந்தக் கேள்வியின் அருமை புரியும். ஆட்டோவில் ஏறினால் கால் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பஸ் சீட்டில் முன்சீட்டு இடிக்கும். மாடிப்படியில் ஒவ்வொரு படியிலும் இரண்டு கால்களையும் சேர்த்து வைத்து, குழந்தைபோல ஏற வேண்டியிருக்கும். பழைய வலி போயிருக்கும். ஆனால் கால் மரக்கட்டைபோல இருக்கும். "இதுக்குத்தான் இவ்ளோ செலவு பண்ணி ஆபரேஷன் பண்ணினோமா?" என்ற பேச்சு வீட்டில் எழுவது அப்போதுதான்.

மூட்டு மாற்று சிகிச்சை இன்று நமக்குப் புதிதல்ல. பிரதமராக இருந்தபோது வாஜ்பாய், மும்பை பிரீச் கேண்டி மருத்துவமனையில் 2000 அக்டோபரில் இடது முழங்காலுக்கும், 2001 ஜூனில் வலது முழங்காலுக்கும் இந்த அறுவை சிகிச்சை செய்துகொண்டார். நாடே பேசிய செய்தி அது. 2017 ஆகஸ்ட்டில் செயற்கை முழங்கால் மூட்டுகளுக்கு மத்திய அரசு விலை உச்சவரம்பு கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் இந்த சிகிச்சை சேர்க்கப்பட்டிருக்கிறது. அதனால் இப்போது தெருவுக்கு ஒருவராவது முழங்காலில் தழும்போடு இருக்கிறார்.

ஆபரேஷனுக்குப் பணம் புரட்டுவதிலும், நல்ல டாக்டரைத் தேடுவதிலும் காட்டும் அக்கறையை, அதற்குப் பிறகான 12 வாரங்களில் நாம் காட்டுகிறோமா? மூட்டை மாற்றித் தருவது டாக்டரின் வேலை. அதை மடங்க வைப்பது நோயாளியும், கூட இருக்கும் குடும்பமும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. அதை எப்படிச் செய்வது என்று பார்க்கலாம்.

எவ்வளவு மடங்கினால் என்ன செய்யலாம்?

டாக்டரும் பிசியோதெரபிஸ்ட்டும் முழங்காலைப் பற்றி 'டிகிரி' கணக்கில் பேசுவார்கள். காலை நேராக நீட்டியிருந்தால் 0 டிகிரி. நாற்காலியில் உட்கார்ந்து பாதம் முட்டிக்கு நேர் கீழே இருந்தால் 90 டிகிரி. அங்கிருந்து குதிகாலை நாற்காலிக்கு அடியில் எவ்வளவு பின்னால் இழுக்கிறோமோ, அந்த அளவுக்கு டிகிரி கூடும். எந்த வேலைக்குத் தோராயமாக எவ்வளவு தேவை?

• சமதளத்தில் நடக்க: 65 முதல் 70 டிகிரி

• படி ஏற: 85 டிகிரி அளவில்

• படி இறங்க, சாதாரண நாற்காலியில் உட்கார்ந்து எழ: 90 முதல் 100 டிகிரி

• தாழ்வான சோபாவிலிருந்து எழ, குனிந்து செருப்பு வார் மாட்ட: 105 டிகிரி அளவில்

• சம்மணமிட்டு உட்கார, இந்தியன் டாய்லெட்டைப் பயன்படுத்த: 120, 130 டிகிரிக்கும் மேல்

'நடக்குறீங்களா?' என்ற கேள்வி மட்டும் ஏன் போதாது என்பது இந்தப் பட்டியலைப் பார்த்தாலே தெரியும். 70 டிகிரி மடங்கினாலே ஒருவர் வீட்டுக்குள் நன்றாக நடந்துவிடுவார். பார்க்கிறவர்களுக்கு எல்லாம் சரியாகிவிட்டதாகத் தோன்றும். ஆனால், வீட்டுக்கு வெளியே உள்ள வாழ்க்கைக்கு 70 டிகிரி போதாது. 110 டிகிரி வந்துவிட்டால் அன்றாட வேலைகளில் பெரும்பாலானவற்றை யார் உதவியும் இல்லாமல் செய்யலாம்.

மூட்டு மாற்று சிகிச்சை செய்தவர்களில் பெரும்பாலானோருக்கு, பயிற்சிகளை ஒழுங்காகச் செய்தால் 110 முதல் 120 டிகிரி வரை கிடைக்கும். ஆபரேஷனுக்கு முன்பு முட்டி எவ்வளவு மடங்கியது என்பதைப் பொறுத்தே, பின்பு எவ்வளவு மடங்கும் என்பதும் பெருமளவு அமையும். பல வருடங்களாக 80 டிகிரிக்கு மேல் மடங்காமல் இறுகிப்போன முட்டியும், கடைசிவரை நன்றாக மடங்கிக்கொண்டிருந்த முட்டியும் ஒரே இடத்துக்கு வந்து சேரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. எனவே, பக்கத்து வீட்டுக்காரரோடு ஒப்பிட வேண்டாம். போன வாரம் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்பதோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

புது மூட்டு ஏன் இறுகுகிறது?

உள்ளே வைத்திருக்கும் உலோகமும் பிளாஸ்டிக்கும் இறுகுவதில்லை. இறுகுவது, அதைச் சுற்றியிருக்கும் நம் சதைதான்.

அறுவை சிகிச்சையால் முட்டியைச் சுற்றி ரத்தக்கசிவும் வீக்கமும் ஏற்படும். அந்தக் காயத்தை ஆற்ற உடம்பு புதிய தழும்புத் திசுக்களை உருவாக்கும். வெளியே தெரியும் தழும்பைப்போலவே முட்டிக்கு உள்ளேயும் தழும்பு உருவாகிறது. முதல் சில வாரங்களில் இந்தத் திசு இளசாக இருக்கும், இழுத்தால் கொடுக்கும். அந்த நேரத்தில் முட்டியைத் தினமும் மடக்கி நீட்டினால், அந்த அசைவுக்கு இடம்விட்டு அது வளரும். அசைக்காமல் வைத்திருந்தால், பக்கத்தில் இருக்கும் தசையோடும் மூட்டு உறையோடும் ஒட்டிக்கொண்டு நாளாக ஆக முற்றிவிடும்.

இதோடு இன்னொரு பிரச்னையும் சேர்ந்துகொள்கிறது. வீங்கிய முட்டியில் தொடையின் முன்பக்கத் தசை சரியாக வேலை செய்யாது. 'காலைத் தூக்கணும்னு நினைக்கிறேன், தூக்க வரலை' என்று பலர் சொல்வதற்கு இதுவே காரணம். அது சோம்பலும் அல்ல, பயமும் அல்ல. வீக்கம் குறையக் குறைய தசை மீண்டும் நம் பேச்சைக் கேட்கும்.

தலையணை வைக்கும் பாசம்!

நம் வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். வலியில் முனகும் அம்மாவையோ அப்பாவையோ பார்த்து மனசு தாங்காமல், முட்டிக்கு அடியில் ஒரு தலையணையை மடித்து வைப்போம். அவர்களுக்கும் உடனே இதமாக இருக்கும். ஆனால், முட்டி லேசாக மடங்கிய நிலையிலேயே மணிக்கணக்கில் கிடந்தால், பின்பக்கத் திசுக்கள் சுருங்கி, காலை முழுதாக நேராக்க முடியாமல் போய்விடும்.

நேராகாத கால், மடங்காத காலைவிடவும் தொல்லை கொடுக்கும். ஒவ்வோர் அடியிலும் தாங்கித் தாங்கி நடக்க வேண்டும். நிற்கும்போதெல்லாம் தொடைத் தசை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். சீக்கிரம் களைத்துப்போவார்கள், இடுப்பும் வலிக்க ஆரம்பிக்கும்.

தலையணை வைக்கக் கூடாதா? வைக்கலாம். குதிகாலுக்கும் கெண்டைக்காலுக்கும் அடியில் வையுங்கள், முட்டிக்கு அடியில் மட்டும் வேண்டாம். வீக்கம் குறையக் காலை உயர்த்தி வைக்கும்போதும், முழுக்காலும் நேராக இருக்கும்படி, பாதம் நெஞ்சு மட்டத்தைவிட உயரமாக இருக்கும்படி வைக்க வேண்டும்.

இதேபோல பாசத்தால் வரும் இன்னொரு தவறு, 'பாவம், இன்னிக்கு ரொம்ப வலிக்குதாம்... பயிற்சியை நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்பது. ஒரு நாள் விட்டால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. ஆனால், அந்த 'நாளைக்கு' ஒரு வாரமாகிவிட்டால், அடுத்த முறை மடக்கும்போது வலி இன்னும் கூடுதலாக இருக்கும். அந்த வலிக்குப் பயந்து மறுபடி தள்ளிப்போடுவார்கள். முட்டி இறுகிப்போகும் பல வீடுகளில் கதை இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

வாரக் கணக்கு

ஒவ்வொருவருக்கும் வேகம் மாறும். இரண்டு முட்டிக்கும் ஒரே நேரத்தில் சிகிச்சை செய்தவர்களுக்கு இன்னும் கொஞ்சம் மெதுவாகலாம். பொதுவாக எதிர்பார்க்கப்படும் அளவு இது:

• மருத்துவமனையில்: ஆபரேஷன் அன்றோ மறுநாளோ நடக்க வைத்துவிடுவார்கள். வீட்டுக்குக் கிளம்பும்போது 70 முதல் 90 டிகிரி வரை மடங்கினால் நல்ல தொடக்கம்.

• முதல் 2 வாரங்கள்: வலியும் வீக்கமும் அதிகம் உள்ள காலம். வீக்கத்தைக் குறைப்பதும், காலை முழுதாக நீட்டப் பழகுவதும், 90 டிகிரியை நோக்கி நகர்வதும்தான் இலக்கு. தையல் பிரிப்பதும் பெரும்பாலும் இந்தக் காலத்தின் முடிவில்தான்.

• 3 முதல் 6 வாரங்கள்: 90 டிகிரியைத் தாண்டி 100, 110 என்று போக வேண்டிய காலம். வாக்கரிலிருந்து கைத்தடிக்கு மாறுவார்கள்.

• 7 முதல் 12 வாரங்கள்: 110 முதல் 120 டிகிரி. படிகளில் காலை மாற்றி மாற்றி வைத்து ஏற ஆரம்பிக்கலாம்.

• அதன் பிறகு: ஒரு வருடம் வரைகூட சிறிது சிறிதாக முன்னேற்றம் இருக்கும். ஆனால், பெரிய முன்னேற்றம் கிடைப்பது முதல் 3 மாதங்களில்தான்.

வீட்டில் செய்யக்கூடிய பயிற்சிகள்

இவற்றில் உங்களுக்கு எது, எத்தனை முறை என்பதை உங்கள் பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டு முடிவுசெய்துகொள்ளுங்கள். ஒரே தடவையில் ஒரு மணி நேரம் செய்து களைத்துப்போவதைவிட, 10 முதல் 15 நிமிடங்கள் என ஒரு நாளைக்கு மூன்று, நான்கு தடவை செய்வதே நல்லது.

1. கணுக்கால் அசைவு: படுத்தபடி பாதத்தை மேலும் கீழும் ஆட்ட வேண்டும். ரத்த ஓட்டம் சீராகும். கெண்டைக்காலில் ரத்தம் உறையும் ஆபத்து குறையும். கண்விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கொரு தடவை செய்யலாம்.

2. தொடையை இறுக்குதல்: காலை நீட்டிப் படுத்து, முட்டியின் பின்பக்கத்தை மெத்தையோடு அழுத்துவதுபோலத் தொடைத் தசையை இறுக்கி, 5 விநாடிகள் வைத்திருந்து தளர்த்த வேண்டும். 10 முறை.

3. குதிகாலுக்கு அடியில் துண்டு: ஒரு துண்டைச் சுருட்டி குதிகாலுக்கு அடியில் வைத்து, முட்டி அந்தரத்தில் இருக்கும்படி 5 முதல் 10 நிமிடங்கள் விட்டுவிட வேண்டும். முட்டி தன் எடையாலேயே மெல்ல நேராகும். நீட்டுவதற்கு இதைவிட எளிய பயிற்சி இல்லை.

4. குதிகாலை இழுத்தல்: படுத்தபடி குதிகாலை மெத்தையிலேயே தேய்த்து, இடுப்பை நோக்கி இழுக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு போக, காலுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கவர் அல்லது வழவழப்பான தட்டு வைத்துக்கொள்ளலாம். பாதத்தைச் சுற்றி ஒரு நீளத் துண்டைப் போட்டு, இரண்டு முனைகளையும் கையில் பிடித்து மெல்ல இழுத்தால் இன்னும் கொஞ்சம் மடங்கும். அங்கே 5 முதல் 10 விநாடிகள் நிறுத்தி, மெதுவாக நீட்ட வேண்டும்.

5. நாற்காலியில் மடக்குதல்: கைப்பிடி உள்ள உறுதியான நாற்காலியில் உட்கார்ந்து, ஆபரேஷன் செய்த காலை முடிந்த அளவு பின்னுக்கு இழுக்க வேண்டும். பிறகு, நல்ல காலை அதன் முன்னால் வைத்து மெல்லப் பின்னுக்குத் தள்ள வேண்டும். இன்னொரு வழி: பாதத்தைத் தரையில் அப்படியே பதித்துவைத்து, உட்கார்ந்த இடத்திலிருந்து இடுப்பை மட்டும் முன்னுக்கு நகர்த்துவது. டிவி பார்த்துக்கொண்டே செய்யலாம். சீரியலின் ஒவ்வொரு விளம்பர இடைவேளையிலும் ஒரு சுற்று என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

6. சுவரில் சறுக்குதல்: கட்டிலைச் சுவரோரம் வைத்து, மல்லாந்து படுத்து, பாதத்தைச் சுவரில் வைத்துக்கொள்ள வேண்டும். காலின் எடையே பாதத்தைக் கீழே இறக்கும். முட்டி தானாக மடங்கும். வலிந்து மடக்கப் பயப்படுகிறவர்களுக்கு ஏற்ற பயிற்சி. திரும்ப மேலே ஏற்ற, நல்ல காலின் உதவியை எடுத்துக்கொள்ளலாம்.

7. படியில் சாய்தல்: 4 வாரங்களுக்கு மேல், பிசியோதெரபிஸ்ட் சரி என்று சொன்ன பிறகு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஆபரேஷன் செய்த காலை முதல் படியில் வைத்து, உடம்பை மெல்ல முன்னுக்குச் சாய்க்க வேண்டும்.

8. உடற்பயிற்சி சைக்கிள்: சீட்டை உயரமாக வைத்துக்கொண்டு, முதலில் பெடலை முன்னும் பின்னும் ஆட்டினால் போதும். முழுச் சுற்று சுற்ற 105 முதல் 110 டிகிரி வேண்டும். பலருக்கு அது முதலில் பின்பக்கச் சுற்றாகத்தான் வரும். அந்த முதல் முழுச் சுற்று வந்த பிறகு, சீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கலாம்.

சில மருத்துவமனைகளில் காலை வைத்தால் தானாகவே மடக்கி நீட்டும் மெஷினைப் பயன்படுத்துகிறார்கள். 'அதை வாடகைக்கு எடுத்தால் பயிற்சியே வேண்டாம்தானே?' என்று சிலர் கேட்பதுண்டு. 2014-ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, இந்த மெஷினால் முட்டி மடங்குவதில் குறிப்பிடும்படியான கூடுதல் பலன் இல்லை என்றே சொல்கிறது. நம் தசையால் நாமே மடக்குவதற்கு மாற்று கிடையாது.

எந்த வலி சரி, எந்த வலி சரியில்லை?

வலிக்கவே வலிக்காமல் முட்டியை மடங்க வைக்க முடியாது. அதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணீர்விட்டுக்கொண்டு செய்ய வேண்டும் என்பதும் இல்லை. தசை இழுபடும் வலி, நிறுத்தியவுடன் குறையும் வலி, அரை மணி நேரத்தில் அடங்கும் வலி... இவையெல்லாம் இயல்பானவை. குத்துவதுபோல வரும் கூர்மையான வலி, பயிற்சி முடிந்து பல மணி நேரமாகியும் அடங்காத வலி, மறுநாள் காலையில் வீக்கம் கூடியிருப்பது... இவை அளவுக்கு மீறிவிட்டதற்கான அடையாளங்கள். அடுத்த நாள் கொஞ்சம் குறைத்துச் செய்யுங்கள். முழுதாக நிறுத்திவிட வேண்டாம்.

'வலி மாத்திரை அதிகம் போட்டா கிட்னி கெட்டுடும்' என்று பலர் மாத்திரையை ஒளித்துவைத்துவிடுகிறார்கள். கடையில் தானாக வாங்கி மாதக்கணக்கில் சாப்பிடுவது ஆபத்து என்பது உண்மை. ஆனால், டாக்டர் உங்கள் சிறுநீரகத்தையும் சர்க்கரையையும் பார்த்து, குறிப்பிட்ட நாள்களுக்கு எழுதித் தந்த மாத்திரை வேறு விஷயம். அதைப் பயிற்சிக்கு அரை மணி நேரம், முக்கால் மணி நேரம் முன்பு வரும்படி போட்டுக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அப்போது பயிற்சி சுலபமாகும்.

பயிற்சி முடிந்ததும் 15 முதல் 20 நிமிடங்கள் ஐஸ் ஒத்தடம். ஐஸை நேரடியாகத் தோலில் வைக்கக் கூடாது. மெல்லிய துணியில் சுற்றி வைக்க வேண்டும். முட்டியைச் சுற்றி மரத்துப்போன உணர்வு இருப்பதால் அதிகமான குளிர்ச்சி தெரியாமல் போகலாம். நேரம் பார்த்து எடுத்துவிடுங்கள். காயம் நனையாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய் போட்டு நீவலாமா?

பாட்டி வைத்தியம் தெரிந்த யாராவது ஒருவர் எல்லா வீட்டிலும் இருப்பார். சூடான எண்ணெய் போட்டு நீவிவிடுவது, வெந்நீர் ஒத்தடம், நொச்சி இலை கட்டு என்று யோசனைகள் வரும். காயம் முழுதாக ஆறும் வரை எண்ணெய், தைலம், இலை எதையும் அதன்மேல் போடக் கூடாது. செயற்கை மூட்டில் கிருமித்தொற்று வந்தால் மறுபடி அறுவை சிகிச்சை வரை போக வேண்டியிருக்கும். முதல் சில வாரங்களில் சூடு, வீக்கத்தை அதிகமாக்கும். காயம் ஆறிய பிறகு, டாக்டர் அனுமதித்தால், தழும்பையும் முட்டிச்சில்லையும் மெல்ல அசைத்து மசாஜ் செய்யும் முறையை பிசியோதெரபிஸ்ட்டிடம் கற்றுக்கொள்ளலாம். அது முட்டி மடங்கவும் உதவும்.

எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிறவர்களிடம் போய், 'ஒரே இழுப்பில்' மடக்கிக்கொள்ளும் முயற்சி மட்டும் வேண்டவே வேண்டாம். எலும்பு உடையலாம், முட்டிச்சில்லைப் பிடித்திருக்கும் தசைநார் அறுந்துபோகலாம். வீட்டில் இருப்பவர்களும் காலைப் பிடித்து பலத்தோடு மடக்கக் கூடாது. மடக்குவது நோயாளியின் கையில்தான் இருக்க வேண்டும். நீங்கள் பக்கத்தில் இருந்து எண்ணினால் போதும்.

செல்போனிலேயே அளக்கலாம்!

முட்டியின் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியாது. ஒரு வாரத்தில் 5 டிகிரி கூடியிருந்தாலும், 'அப்படியேதான் இருக்கு' என்றுதான் தோன்றும். அந்தச் சலிப்பிலேயே பலர் பயிற்சியை விட்டுவிடுகிறார்கள். அதற்கு இரண்டு எளிய வழிகள் உண்டு.

முதல் வழி, டேப். தினமும் ஒரே நாற்காலி, ஒரே இடம். முட்டிக்கு நேர் கீழே தரையில் ஒரு டேப் ஒட்டுங்கள். காலைப் பின்னுக்கு இழுக்கும்போது குதிகால் அந்தக் கோட்டை எட்டவில்லை என்றால், 90 டிகிரி இன்னும் வரவில்லை. கோட்டைத் தாண்டிப் பின்னால் போனால் 90-ஐத் தாண்டிவிட்டீர்கள். எத்தனை விரற்கடை தாண்டியது என்று காலண்டரில் எழுதிவையுங்கள்.

இரண்டாவது வழி, போட்டோ. வாரம் ஒருமுறை, முடிந்த அளவு மடக்கியிருக்கும்போது பக்கவாட்டிலிருந்து முட்டியின் உயரத்தில் செல்போனை வைத்து ஒரு படம் எடுங்கள். மடக்கியபடி ஒன்று, நீட்டியபடி ஒன்று. நாலு வாரப் படங்களை வரிசையாகப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது காட்டவும் உதவும். பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருந்தால், இந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். தினமும் வீடியோ காலில் 'சாப்பிட்டியாம்மா?' என்பதோடு 'இன்னிக்கு எத்தனை விரற்கடை?' என்றும் கேட்டால், அம்மா மறுநாள் இன்னொரு விரற்கடை தள்ளிக் காட்டுவார்.

எல்லாம் செய்தும் மடங்கவில்லை என்றால்?

ஒழுங்காகப் பயிற்சி செய்தும் சிலருக்கு முட்டி இறுகிவிடும். உள்ளே தழும்புத் திசு அளவுக்கு மீறி வளரும் உடல்வாகு, கிருமித்தொற்று, மூட்டின் அளவிலோ பொருத்தத்திலோ உள்ள சிக்கல் எனப் பல காரணங்கள் இருக்கலாம். அதனால், 'நீ ஒழுங்கா பயிற்சி பண்ணலை' என்று எல்லாப் பழியையும் நோயாளியின் மேல் போட்டுவிடக் கூடாது. காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டியது டாக்டர்.

6 வாரங்களாகியும் 90 டிகிரியைத் தொடவில்லை அல்லது இரண்டு, மூன்று வாரங்களாக ஒரே இடத்தில் நிற்கிறது என்றால், அடுத்த செக்கப் தேதிக்காகக் காத்திருக்காமல் அறுவை சிகிச்சை செய்த டாக்டரைப் பாருங்கள். மயக்க மருந்து கொடுத்து, வலி தெரியாத நிலையில் டாக்டரே முட்டியை மடக்கி, உள்ளே ஒட்டியிருக்கும் திசுக்களை விடுவிக்கும் ஒரு முறை இருக்கிறது. கத்தி வைப்பதில்லை. ஆனால், இது ஆபரேஷன் முடிந்து 3 மாதங்களுக்குள் செய்தால்தான் நல்ல பலன் தரும். 'போகப் போகச் சரியாகிடும்' என்று ஆறு மாதம், ஒரு வருடம் தள்ளிப்போட்டால் திசுக்கள் முற்றிவிடும். பிறகு, சிறு துளை வழியாகக் கருவியைச் செலுத்தி ஒட்டுகளை நீக்குவது, மூட்டையே மறுபடி மாற்றுவது என்று பெரிய சிகிச்சைகளுக்குப் போக வேண்டிவரும். இங்கே நாள் கணக்கு மிக முக்கியம்.

மயக்க மருந்து கொடுத்து மடக்கிய பிறகும் வேலை முடிந்துவிடாது. மறுநாளிலிருந்தே பயிற்சியைத் தொடர்ந்தால்தான் கிடைத்த டிகிரி தங்கும்.

சம்மணம் போடலாமா?

நம் ஊரில் எல்லோரும் கேட்கும் கேள்வி. பெரும்பாலான டாக்டர்கள், தரையில் சம்மணமிடுவதையும் குத்தவைப்பதையும் தவிர்க்கச் சொல்கிறார்கள். அதிக அளவு மடக்கும்போது செயற்கை மூட்டின் மேல் விழும் அழுத்தமும் அதிகம். 'அதிகம் மடங்கும் மூட்டு' என்று தனி வகைகள் விற்பனைக்கு இருந்தாலும், சாதாரண மூட்டோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் மடங்கும் அளவில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆபரேஷனுக்கு முன்பே எளிதாகச் சம்மணமிட்ட சிலரால் பின்பும் முடியலாம். அதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

எனவே, வீட்டைக் கொஞ்சம் மாற்றிக்கொள்வது புத்திசாலித்தனம். வெஸ்டர்ன் டாய்லெட், அதன் பக்கத்துச் சுவரில் ஒரு கைப்பிடி, உயரமான நாற்காலி போதும். பூஜையறையிலும், தொழுகையிலும், தேவாலயத்திலும் நாற்காலியில் அமர்ந்து வழிபடுவது இன்று எல்லோருக்கும் பழகிவிட்டது. அதில் கூச்சப்பட எதுவும் இல்லை. மண்டியிடுவதால் மூட்டு கெட்டுவிடாது. ஆனால், தழும்பைச் சுற்றி மரத்துப்போயிருப்பதால் பலருக்கு அது சங்கடமாக இருக்கும். மெத்தென்று ஏதாவது விரித்துக்கொண்டு, டாக்டரிடம் கேட்ட பிறகே முயலுங்கள்.

பிசியோதெரபிக்குப் பணம் இல்லையென்றால்?

ஆபரேஷன் செலவோடு கையிருப்பு கரைந்துவிட, தினமும் பிசியோதெரபிஸ்ட்டை வீட்டுக்கு வரவழைக்கப் பல குடும்பங்களால் முடிவதில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பிசியோதெரபி பிரிவுகள் இருக்கின்றன. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கே வந்து தரும் பிசியோதெரபியும் ஒரு சேவை. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, 104 என்ற மருத்துவ உதவி எண்ணிலோ விசாரித்துப் பாருங்கள்.

தனியாரிடம்தான் போக வேண்டும் என்றால், முதல் இரண்டு வாரங்களில் சில தடவை வரவழைத்து, பயிற்சிகளை நோயாளியும் வீட்டில் ஒருவரும் சேர்ந்து கற்றுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பயிற்சியையும் செல்போனில் வீடியோ எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். பிறகு வாரம் ஒருமுறை காட்டித் திருத்திக்கொண்டால் போதுமா என்று கேளுங்கள்.

உடனே டாக்டரிடம் போக வேண்டிய அறிகுறிகள்

முட்டி சில மாதங்கள்வரை தொட்டால் சற்றுச் சூடாக இருப்பதும், தழும்பின் வெளிப்பக்கம் மரத்திருப்பதும், அசைக்கும்போது 'டக்... டக்' என்று சத்தம் கேட்பதும் பெரும்பாலும் இயல்பானவை, பயப்படத் தேவையில்லை. ஆனால், கீழே உள்ளவற்றில் ஏதாவது இருந்தால் தாமதிக்கக் கூடாது.

• காய்ச்சல், குளிர் நடுக்கம்

• காயத்திலிருந்து நீர் அல்லது சீழ் வடிதல், சிவப்பு பரவுதல்

• கெண்டைக்காலில் புதிதாக வலியும் வீக்கமும்

• திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி (உடனே 108-ஐ அழைக்க வேண்டும்)

• விழுந்த பிறகு காலை ஊன்ற முடியாமை

• நன்றாக மடங்கிக்கொண்டிருந்த முட்டி, திடீரென வலியோடு இறுகுதல்

ஆபரேஷனுக்குத் தேதி குறித்திருக்கிறீர்களா?

அப்படியானால் உங்களுக்குக் கூடுதல் வாய்ப்பு இருக்கிறது. மேலே சொன்னவற்றில் தொடையை இறுக்குதல், குதிகாலை இழுத்தல் இரண்டையும் டாக்டரிடம் கேட்டுவிட்டு இப்போதே தொடங்கலாம். முன்பே பழகியிருந்தால் ஆபரேஷன் முடிந்த மறுநாள் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். காயம் சீக்கிரம் ஆறும், கிருமித்தொற்று ஆபத்து குறையும். புகைப்பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். முடிந்த அளவு எடையைக் குறையுங்கள். தொடையும் கெண்டைக்காலும் பருமனாக இருந்தால், மடக்கும்போது ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு அதற்குமேல் மடங்காது.

முக்கியமாக, அந்த 12 வாரங்களில் வீட்டில் யார் கூட இருக்கப்போகிறார் என்பதை இப்போதே பேசி முடிவுசெய்யுங்கள். சமைத்துப்போட ஒருவர், மருந்து எடுத்துத் தர ஒருவர் என்று ஏற்பாடு செய்யும்போது, பக்கத்தில் உட்கார்ந்து 'ஒண்ணு... ரெண்டு... மூணு...' என்று எண்ணவும் ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். பேரனோ பேத்தியோகூட அந்த வேலையைப் பார்க்கலாம். அடுத்த முறை மூட்டு மாற்று ஆபரேஷன் செய்துகொண்ட யாரையாவது பார்க்கப் போனால், 'நடக்குறீங்களா?' என்பதோடு 'எவ்வளவு மடங்குது?' என்றும் கேட்டுவிட்டு வாருங்கள்.